ஷேட் சரியாக விழவில்லையா? இன்டிசைன் கிரேடியன்ட் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

டிடிபி கடைகளில் "இங்கே கொஞ்சம் ஷேட் விடுங்க" என்று சொல்வதைத்தான் மென்பொருள் கிரேடியன்ட் என்கிறது. பார்க்க எளிய வேலை. ஆனால் அட்டையும் அழைப்பிதழும் அச்சாகி வரும்போது அதிகமாகக் காலை வாருவது இதுதான். பல வருடம் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டியதில் எனக்குப் புரிந்தது இது: கிரேடியன்ட் என்பது இரண்டு முனைகளில் இருக்கும் மை அளவுகளுக்கு இடையில் மென்பொருள் போடும் கணக்கு. நம் கண் திரையில் தெரியும் அழகைப் பார்க்கிறது. மெஷின் அந்த எண்களைத்தான் அச்சடிக்கிறது. அதனால் எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் இரு முனைகளின் சிஎம்ஒய்கே எண்களை, அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளின் அளவுகளை, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

கீழே உள்ளவை பெரும்பாலும் இன்டிசைனுக்கானவை. இதேபோன்ற இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

கிரேடியன்டைக் கிளிக் செய்தேன், எதுவும் மாறவில்லை; அல்லது மாறக்கூடாதது மாறிவிட்டது

டூல் பட்டையின் அடியில் ஃபில் (உள்நிறம்), ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) என்று இரண்டு சதுரங்கள் இருக்கும். எது முன்னால் நிற்கிறதோ அதற்குத்தான் கிரேடியன்ட் போகும். அரை பாயின்ட் ஓரக்கோட்டுக்கு ஷேட் விழுந்திருந்தால் கண்ணுக்கு எங்கே தெரியும்? எக்ஸ் விசையைத் தட்டினால் பின்னால் நிற்பது முன்னால் வரும். எழுத்து உள்ள பிரேம் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. நிறம் பிரேமுக்கா, உள்ளே இருக்கும் எழுத்துக்கா? அதற்கான இரண்டு சிறிய பொத்தான்கள், சேமித்த நிறங்கள் இருக்கும் ஸ்வாட்ச் பேனலின் மேலேயே இருக்கின்றன. ஜே விசையும் அதைத்தான் மாற்றும். எழுத்துக் கருவி கையில் இருக்கும்போது மட்டும் இந்த விசைகளைத் தட்டாதீர்கள். தேர்ந்தெடுத்த தலைப்பு அழிந்து, அந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து நிற்கும்.

ஒரு முனையின் நிறத்தை மாற்றப் போனால் மொத்தமும் ஒரே நிறமாகிவிடுகிறது

புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் இங்கே மாட்டுவார்கள். கிரேடியன்ட் பேனலில் ஸ்டாப்பை (பட்டையின் அடியில் உள்ள நிறக் குறியை) தேர்ந்தெடுத்துவிட்டு, ஸ்வாட்ச் பேனலில் ஒரு நிறத்தைக் கிளிக் செய்தால், அது ஸ்டாப்புக்குப் போகாது. முழு ஃபில்லும் அந்த நிறமாகிவிடும். ஆல்ட் விசையை, மேக் என்றால் ஆப்ஷன் விசையை, அழுத்திக்கொண்டு கிளிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஸ்வாட்சை இழுத்து வந்து ஸ்டாப்பின் மேலேயே விடலாம். கொஞ்சம் தள்ளி விட்டால் அங்கே புதிய ஸ்டாப் முளைக்கும். வேண்டாத ஸ்டாப்பைக் கீழே இழுத்துப்போட்டால் போய்விடும்.

அப்புறம், இப்படிப் பேனலில் உருவாக்கியது எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ஃபில் சதுரத்தின் மேல் வலது கிளிக் செய்து ஸ்வாட்சில் சேர்த்து, ஒரு பெயரும் கொடுத்துவிடுங்கள். அறுபது பக்க மலரில் எல்லாத் தலைப்புப் பட்டையையும் கடைசி நேரத்தில் நீலத்திலிருந்து பச்சையாக்கச் சொல்வார்கள். ஸ்வாட்சாக இருந்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

ஐந்து கட்டங்களுக்குச் சேர்த்து ஒரே ஷேட் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொடங்கி முடிகிறது

ஸ்வாட்சைக் கிளிக் செய்தால் அப்படித்தான் ஆகும். ஐந்தையும் தேர்ந்தெடுத்து ஸ்வாட்சைக் கொடுத்த பிறகு, கிரேடியன்ட் கருவியால் முதல் கட்டத்தின் ஓரத்திலிருந்து கடைசிக் கட்டத்தின் ஓரம் வரை ஒரே இழுப்பாக இழுங்கள். சாயாமல் நேராக வர ஷிப்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு எழுத்தில் ஷேட் போட்டேன், ஒரே நிறமாகத் தெரிகிறது

இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது.

இன்டிசைன் எழுத்துக்குக் கிரேடியன்ட் போடும்போது எழுத்தின் அளவைப் பார்ப்பதில்லை, பிரேமின் அளவைப் பார்க்கிறது. 190 மில்லிமீட்டர் அகலப் பிரேமில் "பொங்கல் மலர்" என்ற தலைப்பு இடப்பக்கம் 60 மில்லிமீட்டரில் முடிந்துவிட்டால், கிரேடியன்டின் முதல் மூன்றில் ஒரு பங்குதான் எழுத்துக்குக் கிடைக்கும். மீதி வெற்றிடத்தில் கிடக்கும். மேலிருந்து கீழாக ஷேட் விட்டால் இன்னும் மோசம். 250 மில்லிமீட்டர் உயரப் பிரேமில் 20 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு 8 சதவீதம்தான் வரும். அதை எந்தக் கண்ணும் ஷேட் என்று ஒப்புக்கொள்ளாது. இதே காரணத்தால்தான், பிரேமைப் பெரிதாக்கினாலோ எழுத்து அடுத்த வரிக்கு ஓடினாலோ நேற்று சரியாக இருந்த நிறம் இன்று மாறிவிடுகிறது.

எளிய வழி, பிரேமை எழுத்துக்கு ஏற்றபடி சுருக்குவது. கன்ட்ரோல், ஆல்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிரேம் உள்ளடக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். தலைப்பு நீளமான பிரேமிலேயே இருக்க வேண்டும் என்றால், எழுத்தைத் தேர்ந்தெடுத்து, கிரேடியன்ட் கருவியின் படத்தையே கிளிக் செய்து, வேண்டிய தூரத்துக்கு இழுக்கலாம்.

தலைப்பு முடிவாகிவிட்டது, இனி மாறாது என்றால் கன்ட்ரோல், ஷிப்ட், ஓ அழுத்தி அவுட்லைனாக, அதாவது தட்டச்சு செய்ய முடியாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுவது நல்லது. அப்புறம் கிரேடியன்ட் எழுத்து வடிவங்களின் அளவையே எடுத்துக்கொள்ளும். மாற்றும் முன் அசல் எழுத்தை ஒரு பிரதி எடுத்து மறைத்த லேயரில் வையுங்கள். "சிறப்பிதழ்" என்பதில் புள்ளி விட்டுப்போயிருந்தால் அவுட்லைனில் அதைத் திருத்துவது பெரும்பாடு. அவுட்லைனான வரி முழுவதும் ஒரே கூட்டுப் பாதையாக இருப்பதால்தான் ஷேட் வரி முழுக்கச் சீராக ஓடுகிறது. அதைப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஷேட் விழும். எழுத்துகளின் உள் கண்களும் அடைத்துக்கொள்ளும்.

ஸ்கிரைபஸில் எழுத்துக்கு நேரடியாகக் கிரேடியன்ட் போட முடியாது. அவுட்லைன் ஒன்றே வழி. தமிழ்த் தலைப்பை அதில் அமைப்பதானால் 1.6 பதிப்புக்கு வந்துவிடுங்கள். 1.4 வரிசையில் கொம்புகளும் புள்ளிகளும் இடம் மாறி நிற்கும்.

இரண்டு நிறமும் அழகு, நடுவில் மட்டும் சேறு

கல்யாண அழைப்பிதழில் இது அடிக்கடி வரும். முகூர்த்தப் பட்டின் படத்தைக் காட்டி, "இந்த ராணி பிங்க்கிலிருந்து இந்தப் பச்சைக்குப் போகணும்" என்பார்கள். சேலையில் இரண்டு நிறமும் தனித்தனி இழைகளாக அருகருகே நிற்கின்றன. அச்சில் இரண்டும் ஒரே இடத்தில் கலக்கின்றன. கணக்கைப் பாருங்கள். பிங்க் என்பது மெஜந்தா 100. பச்சை என்பது சயான் 100, மஞ்சள் 100. சரிபாதி இடத்தில் சயான் 50, மெஜந்தா 50, மஞ்சள் 50 வந்து நிற்கும். மூன்று மையும் சம அளவில் சேர்ந்தால் பழுப்பேறிய சாம்பல்தான். மென்பொருளின் மேல் தப்பில்லை, கேட்ட கணக்கைத்தான் அது போட்டிருக்கிறது.

தீர்வு, நடுவில் ஒரு ஸ்டாப் சேர்த்து வழியை மாற்றிவிடுவது. மேலே சொன்ன பிங்க்குக்கும் பச்சைக்கும் நடுவில் மஞ்சள் 100 வையுங்கள். இப்போது பிங்க், பவளம், மஞ்சள், இளந்தளிர்ப் பச்சை, பச்சை என்று நகரும். எந்த இடத்திலும் மூன்று மையும் ஒன்றாக நிற்பதில்லை. முழு மஞ்சள் கண்ணை உறுத்தினால் மெஜந்தா 20, மஞ்சள் 90 என்று இதமாக்கிக்கொள்ளலாம். சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகும்போதும் இதே கதை. மெஜந்தா 100, மஞ்சள் 100 ஒரு முனை. சயான் 100, மெஜந்தா 100 மறுமுனை. நடுவில் சயான் 50, மெஜந்தா 100, மஞ்சள் 50. அதனால்தான் மங்குகிறது. நடுவில் வெறும் மெஜந்தா 100 வைத்தால் தெளிந்துவிடும்.

முனைகளில் ஒன்று ஆர்ஜிபியாகவும் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கணக்கு) மற்றது சிஎம்ஒய்கேவாகவும் இருந்தாலும் நடுநிறம் எதிர்பாராமல் நகரும். அச்சுக்காக மை வாரியாகப் பிரிக்கும்போது எல்லாமே சிஎம்ஒய்கேவாக மாற்றப்படுவதுதான் காரணம். அச்சுக்குப் போகும் வேலையில் தொடக்கத்திலேயே எல்லா ஸ்டாப்பையும் சிஎம்ஒய்கேவில் வையுங்கள்.

கறுப்பை நோக்கிப் போகும் ஷேட் சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது

சிவப்பிலிருந்து கறுப்புக்குப் போகும் அட்டை. சிவப்பு முனையில் மெஜந்தா 100, மஞ்சள் 100. கறுப்பு முனையில் கறுப்பு மட்டும் 100. நடுவில் மெஜந்தா 50, மஞ்சள் 50, கறுப்பு 50. சிவப்பு பாதியாகக் குறைந்த இடத்தில் கறுப்பு பாதிதான் வந்திருக்கிறது. அதனால்தான் உயிர் போய்விடுகிறது. கறுப்பு முனையிலும் அடியில் சிவப்பைத் தங்கவிடுங்கள். மெஜந்தா 100, மஞ்சள் 100, கறுப்பு 100 என்று வைத்தால் நடுவில் ஆழ்ந்த அரக்குச் சிவப்பு வரும். பட்டின் நிழல் மடிப்பில் தெரியும் நிறம் அது.

இங்கே மை மொத்தம் 300 சதவீதம் ஆகிறது. ஆர்ட் பேப்பரில் பெரும்பாலும் தாங்கும், ஆனால் அச்சகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செய்தித்தாளுக்கு வழக்கமான வரம்பு 240. அங்கே மெஜந்தாவையும் மஞ்சளையும் 70 ஆக்கினால் மொத்தம் சரியாக 240 வரும். ஒவ்வொரு மையின் அளவையும் காட்டும் செபரேஷன்ஸ் பிரிவியூ பேனலில் இங்க் லிமிட் என்று ஒரு தேர்வு உண்டு. வரம்பைத் தட்டச்சு செய்தால் அதைத் தாண்டும் இடமெல்லாம் சிவப்பாக ஒளிரும். இப்படி மூன்று மை அடர்ந்த பகுதியில் 6 பாயின்ட் வெள்ளை எழுத்தை விடாதீர்கள். பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து அடைந்துபோகும்.

பட்டை பட்டையாக வரி விழுகிறது

எனக்கு மறக்க முடியாத சிக்கல் இது. ஒரு சிற்றிதழின் ஏ4 அட்டை. மேலே சயான் 30, கீழே சயான் 50, முழு உயரத்துக்கும் மெல்லிய வானம். திரையில் பட்டுபோல் இருந்தது. அச்சாகி வந்த அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் குறுக்கே வரி வரியாகத் தெரிந்தது. அச்சகத்தில் போய்ச் சத்தம் போட்டேன். வீட்டுக்கு வந்து ஸ்கேலை வைத்து அளந்தபோது ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு வரி. கணக்கைப் போட்டதும், தவறு முழுக்க என்னுடையது என்று தெரிந்தது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

கணக்கு இதுதான். ஒரு மைக்கு 0 முதல் 100 வரை கிடைப்பது 256 படிகள். 30க்கும் 50க்கும் இடையில் மாற்றம் 20 சதவீதம், அதாவது சுமார் 51 படி. ஏ4 உயரம் 297 மில்லிமீட்டரை 51ஆல் வகுத்தால் ஒரு படி 5.8 மில்லிமீட்டர். ஒரு படி முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டினால் கண் அதைப் பட்டையாகப் பார்க்கத் தொடங்கும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. அப்படிப் பார்த்தால் 0 முதல் 100 வரை முழு மாற்றம் இருந்தாலும், 195 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டால் ஆபத்துதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. பிளேட் எடுக்கும் கருவியின் நுணுக்கத்தை (டிபிஐ) ஸ்கிரீன் எண்ணால் (ஓர் அங்குலத்தில் உள்ள அச்சுப் புள்ளி வரிசைகள்) வகுத்து, வந்த விடையை அதே விடையால் பெருக்கி, ஒன்று கூட்டுங்கள். கிடைப்பதுதான் அந்தக் கருவியால் காட்ட முடிந்த படிகள். 2400 டிபிஐ, 150 ஸ்கிரீன் என்றால் 16ஐ 16ஆல் பெருக்கி 256, கூட ஒன்று. கவலை இல்லை. 1200 டிபிஐயில் அதே 150 ஸ்கிரீன் போட்டால் 65தான். 600 டிபிஐ லேசர் பிரிண்டரில் 85 ஸ்கிரீன் என்றால் 50 வரும். அதனால் லேசர் புரூப்பில் வரி தெரிகிறதே என்று ஃபைலைக் கலைக்காதீர்கள்.

முதலில் வரி எங்கே இருக்கிறது என்று பிரித்தறியுங்கள். செபரேஷன்ஸ் பிரிவியூவைத் திறந்து ஷேட்டின் மேல் மவுசை மெல்ல நகர்த்துங்கள். எண் ஒன்று ஒன்றாக மாறினால் ஃபைல் சரியாக இருக்கிறது. வரி திரையின் கோளாறாகவோ, மேலே சொன்ன நீளப் பிரச்சினையாகவோதான் இருக்கும். மென்மையாக மறையும் ஃபெதர், நிழல் இவற்றில் மட்டும் திரையில் வரி தெரிந்தால், வியூ மெனுவில் டிஸ்ப்ளே பெர்ஃபார்மன்ஸை ஹை குவாலிட்டிக்கு மாற்றிப் பாருங்கள்.

நீளப் பிரச்சினை என்றால் இரு முனைகளுக்கும் இடையில் வித்தியாசத்தைக் கூட்டுங்கள். அல்லது ஷேட்டின் தூரத்தைக் குறைத்து, மீதியைத் தட்டை நிறமாக விடுங்கள். கொஞ்சம் மெஜந்தாவையும் வேறு வேகத்தில் நகரவிட்டால் இரு மைகளின் படிகளும் ஒரே கோட்டில் விழாது, வரி மங்கும். ஆனால் அட்டை முழுக்க நீளும் வானத்துக்கு இதெல்லாம் பாதி மருந்துதான்.

முழு மருந்து, ஷேட்டில் கண்ணுக்குத் தெரியாத பொடியைத் தூவுவது. இதைப் போட்டோஷாப்பில் செய்ய வேண்டும். ஏ4 அட்டைக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுக்கு வெளியே நீளும் ஓரம்) சேர்த்து 216க்கு 303 அளவில், 300 ரெசல்யூஷனில், சிஎம்ஒய்கே 16 பிட் ஃபைல் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். கிரேடியன்ட் கருவியில் டித்தர் டிக் ஆகியிருக்கட்டும். ஷேட்டைப் போட்ட பின் ஆட் நாய்ஸ் ஃபில்டரை 1 அல்லது 2 சதவீதம் கொடுங்கள். கொடுக்கும் முன் சேனல்ஸ் பேனலில், ஷேட்டில் உண்மையாக இருக்கும் மைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கறுப்புப் பிளேட்டிலும் பொடி விழுந்து வானம் அழுக்காகும். டிஃப்பாகச் சேமித்து இன்டிசைனில் வையுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பிடிஎப் எடுக்கும்போது ஜேபெக் சுருக்கத்தில் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும்போது, தூவிய பொடி முதலில் பலியாகிறது. கம்ப்ரஷன் பக்கத்தில் ஜிப் என்று வையுங்கள். ஃபைல் பெரிதாகும், பரவாயில்லை.

நிறத்திலிருந்து ஒன்றுமில்லாமல் மறைய வேண்டும். ஆனால் வெள்ளையாக முடிகிறது

படத்தின் மேல் ஷேட் வைத்தால், பேப்பர் ஸ்வாட்சில் முடியும் கிரேடியன்ட் படத்தை வெள்ளையால் மூடிவிடும். இன்டிசைனில் இதற்கான கருவி கிரேடியன்ட் ஃபெதர். தட்டை நிறம் கொடுத்த கட்டத்தின் மேல் அதை இழுத்தால் நிறம் மெல்லக் கரையும். கட்டத்துக்குள் எழுத்தும் இருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்துவிடும். எஃபெக்ட்ஸ் பேனலில் ஆப்ஜெக்டுக்குப் பதில் ஃபில்லை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ஸ்கிரைபஸில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளிபுகும் அளவை அங்கேயே குறைக்கலாம். ஆனால் பிடிஎப் 1.3 ஆக எடுத்தால் அது நிற்காது.

ஃபெதர் போட்டவுடன், அது இருக்கும் எதிரெதிர் இரு பக்கங்களில் மட்டும் எல்லா நிறமும் லேசாக மாறினதுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எடிட் மெனுவில் டிரான்ஸ்பரன்சி பிளெண்ட் ஸ்பேஸ் ஆர்ஜிபியில் இருக்கும். டாகுமென்ட் சிஎம்ஒய்கேவுக்கு மாற்றுங்கள்.

பிடிஎப்பில் மெல்லிய வெள்ளைக் கோடு, அல்லது ஷேட்டைச் சுற்றி ஒரு பெட்டி

கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். 100 சதவீதத்திலும் 800 சதவீதத்திலும் அதே மயிரிழை அளவில் இருந்தால் அது திரைக்காட்சி மட்டும்; அச்சில் வராது. பெரிதாக்கப் பெரிதாக்கத் தடித்தால் உண்மையான இடைவெளி. பெட்டி பெரும்பாலும் ஸ்பாட் கலரின் (நான்கு மைக்கு வெளியே தனியாகக் கலந்த மையின்) மேல் ஃபெதரோ நிழலோ விழுந்த இடத்தில், பழைய பிடிஎப் எக்ஸ்-1ஏ முறையில் எடுக்கும்போது வரும். அந்த முறை ஒளிபுகுதலைத் தட்டையாக்கித் துண்டுகளாக வெட்டுகிறது. அச்சகம் ஏற்றுக்கொண்டால் எக்ஸ்-4 ஆக எடுங்கள். அதில் ஒளிபுகுதல் அப்படியே போகும், துண்டாக்கும் வேலையே இல்லை.

தங்க மையில் ஷேட் மங்கிவிட்டது

பான்டோன் 871 போன்ற உலோக மையின் பளபளப்பு முழு அடர்த்தியில்தான். 30 சதவீதத்துக்குக் கீழே அது புள்ளி புள்ளியாகச் சிதறி, அழுக்குப் பழுப்பாகத் தெரியும். தங்கத்தை முழுதாக விட்டு, அதன் பக்கத்து நிறத்தில் ஷேட்டை வையுங்கள். ஃபாயில் ஒட்டும் இடத்தில் ஷேட்டே கிடையாது. அது ஒட்டும் அல்லது ஒட்டாது, நடுநிலை இல்லை. இதை வாடிக்கையாளரிடம் டிசைனைக் காட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஸ்பாட் கலரிலிருந்து கறுப்புக்கு ஷேட் போனால் ஸ்கிரீன் கோணத்தைக் கவனியுங்கள். ஸ்பாட் பெரும்பாலும் கறுப்பின் 45 டிகிரியையே எடுத்துக்கொள்ளும். இரண்டு மையும் ஒரே கோணத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நிறம் நிலையாக வராது. அந்த இடத்தில் பயன்படாத ஒரு மையின் கோணத்தை ஸ்பாட்டுக்குக் கொடுக்கச் சொல்லி வேலைச் சீட்டில் எழுதுங்கள்.

திரையில் சரி, செய்தித்தாளில் ஷேட்டின் பாதி இருண்டுவிட்டது

செய்தித்தாளில் மை உறிஞ்சிப் பரவுகிறது. ஐஎஸ்ஓ நியூஸ்பேப்பர் 26வி4 என்ற நிறக்கோப்பின் (கலர் புரொஃபைல்) பெயரில் உள்ள 26 இதைத்தான் சொல்கிறது: 50 சதவீதப் புள்ளி 26 கூடி 76 ஆக அச்சாகும். நீங்கள் ஷேட்டின் நடுவில் வைத்த 50, தாளில் முக்கால் அடர்த்தி. கிரேடியன்ட் பட்டையின் மேலே உள்ள வைர வடிவ நடுப்புள்ளியை அடர்ந்த முனையின் பக்கம், 60 அல்லது 65க்கு நகர்த்துங்கள். வெளிர்ப் பகுதி நீண்டு, தாளில் சமமாகத் தெரியும். போட்டோஷாப்பில் அந்த நிறக்கோப்புக்கே மாற்றி வைத்த ஷேட் படத்துக்கு இது வேண்டாம்; அங்கே ஏற்கெனவே ஈடு செய்யப்பட்டிருக்கும்.

வெளிர் முனையில் 2, 3 சதவீதப் புள்ளிகள் பிளேட்டில் நிற்காமல் போனால், ஷேட் கரைவதற்குப் பதில் ஒரு விளிம்போடு வெட்டுப்பட்டதுபோல் நிற்கும். ஒவ்வொரு அச்சகத்திலும் அந்த எல்லை வேறு. புதிய இடத்துக்கு முதல் வேலை கொடுக்கும்போது, வெட்டுக் குறிக்கு வெளியே இடமிருந்தால், நான்கு மைக்கும் 0 முதல் 100 வரை ஒரு குறுகிய பட்டை வைத்து அனுப்புகிறேன். கட்டிங்கில் விழும் அந்த ஓரத்தை எடுத்துவைக்கச் சொல்லி வாங்கி வந்து, எந்தத் தாள், எந்த மெஷின் என்று பின்னால் எழுதிக் கோப்பில் ஒட்டுவேன். அடுத்த முறை அங்கே அச்சாகும் ஷேட்டுக்கு வெளிர் முனை 3இல் தொடங்குவதா 5இல் தொடங்குவதா என்பதை அந்தத் துண்டைப் பார்த்தே முடிவு செய்கிறேன்.